வண்டி வீட்டின் எர்த்துக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் மோட்டார்ஹோமையே நிரந்தர வீடாக்கிக்கொண்டவர்கள் ஏராளம். ஓய்வு பெற்றவர்கள், வீட்டு வாடகை கட்டுபடியாகாதவர்கள், பருவகால வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள் எனப் பல தரப்பினர். இத்தகைய வண்டிகளை நிறுத்தும் ஆர்.வி. பார்க்கில் இடம் வாடகைக்கு எடுத்து, அங்கே நட்டிருக்கும் மின்பெட்டியில் வண்டியின் கேபிளைச் செருகினால் ஏ.சி., ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடும். அந்தப் பெட்டியின் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை, நடைமுறையில் வாடகைக்கு வருபவர் தலையில்தான் விழுகிறது. இது தவறு. ஒவ்வொரு பெட்டியையும் ஆண்டுதோறும் சோதித்துப் பதிவு வைக்கும் கடமையைப் பார்க் நடத்துபவர் மீது சட்டம் சுமத்த வேண்டும்.

எர்த் கம்பி அறுந்தால் வண்டிக்குள் எதுவும் மாறாது. விளக்கு மங்காது, ஏ.சி. நிற்காது. ஆனால் வாட்டர் ஹீட்டரில் கசிவு ஏற்பட்டால், ரப்பர் டயர் மேல் நிற்கும் அந்த உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். உள்ளே இருப்பவருக்கு இது தெரியாது. மழையில் நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொடுபவரின் உடல் வழியாகத்தான் அது மண்ணுக்கு இறங்கும். பிரேக்கர் காப்பாற்றாது. அது 30 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். உயிரைப் பறிக்க ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும்.

வண்டியருகே மண்ணில் ஒரு எர்த் தண்டை அடித்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். நல்ல தண்டின் மின்தடையே 25 ஓம் என்று வைத்தால், 120 வோல்ட்டில் 4.8 ஆம்பியர்தான் ஓடும், பிரேக்கர் அசையாது. பாதுகாப்புக் கருவி வாங்கிக்கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். பழுதைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் நல்ல கருவிகள் இருக்கின்றன. வாங்க முடிந்தவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும். ஆனால் அவற்றின் விலை சில நூறு டாலர். மலிவான மூன்று விளக்கு டெஸ்டரையோ முழுதாக நம்ப முடியாது. ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறி, எர்த்தும் நியூட்ரலோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தால், வண்டியின் உடலில் 120 வோல்ட் இருக்கும்போதே அது 'சரி' என்று காட்டும். தொடாமலே மின்னழுத்தத்தை உணரும் பேனா டெஸ்டரைத் தரையில் நின்று வண்டியின் உடலருகே கொண்டுபோவது மேல். அது ஒலித்தால் வண்டியைத் தொடாமல் பெட்டியின் பிரேக்கரை அணைக்க வேண்டும். வண்டியைத் தொடும்போது எழும் இலேசான சுருக்கென்ற உணர்வுகூட சகஜமல்ல.

வண்டிக்காரரின் கேபிளும் பழுதாகும் என்பது உண்மைதான். ஆனால் பெட்டி சரியென்று பதிவு இருந்தால்தானே பழுது கேபிளில் என்று உறுதியாகச் சொல்ல முடியும்? பிரிட்டனில் முகாம் பிளக் ஒவ்வொன்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்.சி.டி. என்ற காவல் கருவி விதிமுறையிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் 30, 50 ஆம்பியர் பிளக்குகளுக்கு அப்படி ஒரு காவல் இல்லாதபோது, அங்கே எர்த் ஒன்றே துணை. சோதனையால் வாடகை ஏறும் என்கிறார்கள். ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மீட்டரோடு சில நிமிட வேலை. அந்தச் செலவை ஒரு பார்க் தாங்கும்.