கப்பலேறும் மிளகாயும் நம் வீட்டு மிளகாயும்

"ஏற்றுமதி ஆகிற மிளகாய்க்கு மட்டும் ஏன் இத்தனை சோதனை? நாம சாப்பிடறதும் அதே மிளகாய்தானே?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

2003-ல் நம் நாட்டிலிருந்து போன மிளகாய்த் தூளில் 'சூடான்' என்ற சிவப்புச் சாயம் இருப்பதை ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்கள். பூட்ஸ் பாலிஷுக்கும் மெழுகுக்கும் போடுகிற சாயம் அது! 2005-ல் பிரிட்டனில் இந்தச் சாயத் தூள் சேர்ந்த ஸாஸினால் 400-க்கும் மேற்பட்ட உணவுப் பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். கலப்படம் செய்தது யாரோ. கெட்ட பெயர் பாடுபட்டுப் பயிர் செய்த விவசாயிக்கும் சேர்த்துத்தான்.

சாயமாவது மனிதர் கலப்பது. பூசணம் தானே வருகிறதே! சரியாகக் காயாத மிளகாயிலும் நிலக்கடலையிலும் படரும் ஒருவகைப் பூசணம், 'அஃப்ளடாக்ஸின்' என்ற நஞ்சை உண்டாக்குகிறது. இது கல்லீரலைக் கெடுக்கும். நாள்பட்டால் புற்றுநோயும் வரலாம். ஒரு கிலோ மிளகாயில் இது 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய நாடுகள் ஏற்பதில்லை. மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

இதை ஒரு சிறு விவசாயி எப்படி அளந்து பார்ப்பார்? இங்கேதான் அரசாங்கம் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. கொச்சியிலுள்ள நறுமணப் பொருள்கள் வாரியம் குண்டூர், சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் சோதனைக்கூடங்கள் வைத்திருக்கிறது. வெளிநாடு போகும் சரக்கில் மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் கூடத்தில் குற்றம் தெரிந்து என்ன பயன்? சரக்கு போனது போனதுதான். அதனால்தான் வெறும் மண்ணில் கொட்டாமல் தார்ப்பாயில் காய வைக்கும்படி விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நோயைத் தடுப்பது களத்திலேதான்.

உள்நாட்டு மிளகாய்க்கும் சட்டத்தில் அளவு உண்டு. ஆனால் சந்தைக்கு வரும் ஒவ்வொரு மூட்டையையும் யாரும் சோதிப்பதில்லை. ஆகவே, சகோதரிகளே, மிச்சக் காவல் நம் கையில்.

மிளகாயை முழுசாக வாங்குங்கள். ஆட்டினால் விதை சலசலக்க வேண்டும். வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். சுத்தமான துணியில் மறுபடி காய வைத்து, ஆறின பிறகு ஈரமில்லாத டப்பாவில் மூடுங்கள். உள்ளே பூசணம் பிடித்ததையும், சுருங்கிக் கறுத்த கடலையையும் தயங்காமல் எறிந்துவிடுங்கள். "வறுத்தா சரியாயிடும்" என்று நினைக்காதீர்கள். வாணலிச் சூட்டுக்கு இந்த நஞ்சு முழுசாகப் போகாது. குழந்தைக்குக் கடலை உருண்டை பிடிக்கும்போது இதை இன்னும் கவனமாகப் பாருங்கள்.