‘கடகட’னு சத்தம் வருதா? அந்தத் தகட்டைக் கழற்றிப் போட்டுடாதீங்க!

போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பல்லாவரத்தில் கல்யாணம் முடித்து, ரேடியல் ரோடு வழியாகப் பள்ளிக்கரணைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கோவிலம்பாக்கம் சிக்னலில் கார் நின்றது. ஏ.சி ஓடிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் இருந்த பாட்டிதான் முதலில் கேட்டார். “ஏன்டி, ரப்பர் கருகுற வாசனை வருதே?”

அடுத்த நிமிடம் டாஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்தது. அப்பா காரை ஓரங்கட்டினார். பாட்டியை இறக்கி நிழலில் உட்காரவைத்துவிட்டு, இன்ஜினை அணைத்தோம். புகையோ தீயோ இல்லை என்று பார்த்து, சூடு கொஞ்சம் ஆறியபிறகே பானட்டைத் திறந்தோம். எக்ஸாஸ்ட் பக்கம் போகும் ஒரு வொயரின் மேலுறை உருகி, உள்ளே செம்பு தெரிந்தது.

காரணம் இரண்டு மாதத்துக்கு முன்பே ஆரம்பித்திருந்தது. காரை ஸ்டார்ட் செய்தால் முன்பக்கம் ‘கடகட’ என்று ஒரு சத்தம். காட்டிய இடத்தில் மெக்கானிக் அண்ணன் இரண்டு போல்ட்டைக் கழற்றி, துருப்பிடித்த ஒரு தகட்டை வெளியே எடுத்தார். “இது வெறும் தகரம் சார். இல்லாட்டியும் வண்டி ஓடும்” என்றார். சத்தம் நின்றது. அப்பாவுக்குச் சந்தோஷம். நானும் எதுவும் கேட்கவில்லை. அந்த ‘வெறும் தகரம்’தான் ஹீட் ஷீல்டு.

என்ன வேலை செய்கிறது?

ராக்கெட் ஏவும்போது நேரலை வர்ணனையில் ‘ஹீட் ஷீல்டு பிரிந்தது’ என்று கேட்டிருப்பீர்கள். அது செயற்கைக்கோளை மூடிக் காக்கும் கூடு. காரில் இருப்பது அதே பெயருள்ள, எளிமையான தகடு. இன்ஜினிலிருந்து எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுற்றி, சைலன்சர் பைப்புக்கும் தரைத்தளத்துக்கும் நடுவே என்று சில இடங்களில் இருக்கும்.

இன்ஜினுக்குள் சுற்றும் கூலன்ட்டின் வெப்பம் சாதாரணமாக 90 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். எக்ஸாஸ்ட் கதை வேறு. சாதாரண ஓட்டத்திலேயே வாயு 400 டிகிரியைத் தொடும். ஏறி மிதித்தால் பெட்ரோல் இன்ஜினில் 800-ஐயும் தாண்டும். அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் வொயர்கள், ரப்பர் ஹோஸ்கள், பிளாஸ்டிக் கிளிப்புகள் எல்லாம் இருக்கின்றன.

அடுப்புத் தணலைத் தொடாமலேயே முகம் சுடுகிறது அல்லவா? அதுதான் கதிர்வீச்சு வெப்பம். உலோகம் சூடாகச் சூடாக இது தாறுமாறாகக் கூடும். 300 டிகிரியில் இருந்த உலோகம் 600-க்கு ஏறினால், வெளிவிடும் கதிர்வீச்சு ஏறக்குறைய 5 மடங்காகிவிடும். பளபளப்பான தகடு அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தகட்டுக்கும் பைப்புக்கும் நடுவே விட்டிருக்கும் காற்று இடைவெளி மீதியைத் தடுக்கிறது. அதனால்தான் தகட்டை அமுக்கி பைப்போடு ஒட்டவைத்தால் பாதிப் பலன் போய்விடும்.

இன்ஜின் குளிர்ந்துவிடுமா?

இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். ஹீட் ஷீல்டு இன்ஜினைக் குளிர்விக்காது. பானட்டுக்குள் வெப்பம் போகக் கூடாத இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது என்றால் கூலன்ட் அளவு, ரேடியேட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேருங்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படி ஒரு நாளில், ஏ.சி ஓட, சிக்னலில் நிற்கும் காரின் பானட்டுக்குள், ஓடும்போது கிடைக்கும் அளவுக்குக் காற்றோட்டம் இருக்காது. இன்னொரு விஷயம், காரை நிறுத்தி இன்ஜினை அணைத்த பிறகு பானட்டுக்குள் சூடு சிறிது நேரம் கூடும். கூலன்ட் ஓட்டம் நின்றுவிடும், எதிர்க்காற்றும் இல்லை. ஆனால் எக்ஸாஸ்ட் இன்னும் தகித்துக்கொண்டிருக்கும். ஹீட் ஷீல்டு அதிகம் தேவைப்படும் நேரம் அதுதான்.

நம் ஏரியாவில் ஏன் சீக்கிரம் போகிறது?

பள்ளிக்கரணையில் கார் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலம் எப்படி என்று தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு முன்பே, வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அப்படிக் காப்பாற்றிய கார்களும் பிறகு தேங்கிய நீரில்தான் ஓடின. கொதிக்கும் மெல்லிய தகட்டில் அழுக்குத் தண்ணீர் தெறித்துத் தெறித்து, முதலில் அரிப்பது போல்ட் ஓட்டையைத்தான். ஓட்டை பெரிதாகித் தகடு ஆட ஆரம்பிக்கும். ஸ்டார்ட் செய்யும்போதும், குறிப்பிட்ட ஒரு வேகத்திலும் மட்டும் வரும் ‘கடகட’ பெரும்பாலும் இதுதான்.

சத்தம் வந்தால் என்ன செய்யலாம்?

* இன்ஜின் முழுக்க ஆறியபிறகு பார்க்கச் சொல்லுங்கள். காலையில் முதல் வண்டியாகக் கொண்டுபோவது நல்லது.

* ஓட்டை மட்டும் பெரிதாகியிருந்தால், அகலமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் வைத்து போல்ட்டை முடுக்கலாம். பைப்பைச் சுற்றிய தகடு என்றால் ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் போதும். தகடு நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

* பிளாஸ்டிக் டேக், ஒட்டும் டேப், சமையலறை ஃபாயில் எதுவும் வேண்டாம். உருகும், அல்லது கழன்று விழும்.

* தகடு முழுக்க அரித்துவிட்டால், உங்கள் மாடலுக்கான தகட்டையே வாங்கிப் போடுங்கள்.

* மெக்கானிக் எதைக் கழற்றினாலும், “இது எதுக்குண்ணே?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

ஆன்லைனில் விற்கிறார்களே?

தங்க நிற டேப், பைப்பில் சுற்றும் எக்ஸாஸ்ட் ராப் என்று நிறையப் பார்க்கலாம். கம்பெனித் தகடுகள் சரியாக இருக்கும் குடும்பக் காருக்கு இவை தேவைப்படாது. அதிலும் ராப் நம் பகுதிக்குச் சரிவராது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பைப்பைத் துருப்பிடிக்கவைக்கும். வாரன்ட்டி உள்ள கார் என்றால் அதற்கும் சிக்கல் வரலாம். எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் போகும் ஒரு வொயருக்கு மட்டும் பாதுகாப்பு வேண்டும் என்றால், வெப்பம் தாங்கும் கண்ணாடி இழை ஸ்லீவ் போட்டுக்கொள்ளலாம். எத்தனை டிகிரி தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

காய்ந்த புல்லில் நிறுத்தாதீர்கள்

1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில்தான் முதன்முதலில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. புகையைச் சுத்தப்படுத்தும் இந்தக் கருவி, சூடானால்தான் வேலை செய்யும். பி.எஸ் 6 டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது 600 டிகிரியை ஒட்டிப் போகும். இவை காரின் அடியில் இருந்தால், காய்ந்த புல்லுக்கும் அவற்றுக்கும் நடுவே இருப்பது அந்தத் தகடு மட்டும்தான். அது இருந்தாலும் காய்ந்த புல், சருகு மேல் நிறுத்த வேண்டாம் என்றுதான் கார் கையேடுகள் எச்சரிக்கின்றன. கோடையில் காலி மனைகளில் கோரையும் புல்லும் காய்ந்து கிடக்க, அதன்மேல் காரை ஏற்றி நிறுத்துவது எங்கள் தெருவில் தினமும் நடக்கிறது. காய்ந்தது பற்றினால் என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு எரிந்தபோது நாள்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் நாங்கள்.

எங்கள் காருக்குக் கடைசியில் என்ன ஆனது? உருகியது ஆக்ஸிஜன் சென்சாரின் வொயர். சென்சார், வொயரிங், புதுத் தகடு, கூலி எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்கு மேல் போனது. அன்றைக்கே ஒரு வாஷர் வைத்து முடுக்கியிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். பணம்கூடப் பரவாயில்லை. வேகமாக நடக்க முடியாத பாட்டி பின் சீட்டில் இருந்தார் என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் திக்கென்று இருக்கிறது.

இப்போது அப்பா காரை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கிறார். பாட்டியோ ஏறி உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “ம்ம்... போலாம்” என்கிறார். நீங்களும் நாளைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் ஏ.சி, பாட்டு இரண்டையும் அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.