கூச்சலிடும் எழுத்து

புத்தகத்தைக் கையில் எடுத்தால் அதில் சொல்லியிருக்கும் விஷயத்தைப் பார்க்கிறோமேயன்றி, அதைத் தாங்கி நிற்கும் எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. நல்ல எழுத்துக்கு அதுவே இலக்கணம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால், பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே பிறந்த எழுத்தும் ஒன்று உண்டு. உடல் பருத்து, வலப்புறம் சாய்ந்து, தலையிலும் காலிலும் மயிரிழை போன்ற சிறு கோடுகளுடன் ஆங்கில விளம்பரங்களின் நெற்றியில் நிற்கிறதே, அந்தத் தடித்த சாய்வெழுத்தைத்தான் சொல்லுகிறேன். அதன் சரித்திரம் ரஸமானது, கொஞ்சம் சங்கடமானதும்கூட.

சாய்வெழுத்து பிறந்த குலம் வேறு. இத்தாலியிலுள்ள வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளர், வர்ஜில் என்னும் லத்தீன் மகாகவியின் நூலை 1501-ஆம் ஆண்டில் கையடக்கமான சிறு புத்தகமாக வெளியிட்டார். முழுவதும் சாய்வெழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. எழுத்தை வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற கைவினைஞர். அக்காலத்து அறிஞர்கள் விரைந்து எழுதிய கையெழுத்தே அதற்கு மாதிரி. வாக்கியத்தின் முதலில் வரும் பெரிய எழுத்துக்கள் மட்டும் அப்போது சாயாமல் நிமிர்ந்தே நின்றன. மொத்தத்தில் ஒல்லியான, அடக்கமான எழுத்து. பிற்காலத்தில் அது நேரெழுத்தின் நடுவே, ஒரு சொல்லை அழுத்திக் காட்டவும் நூல்களின் பெயரைக் குறிக்கவும் துணையாக அமர்ந்தது.

முந்நூறு ஆண்டுகள் சென்றன. லண்டன் மாநகரில் யந்திரங்கள் சாமான்களைக் குவித்தன. குவிந்ததை விற்க வேண்டுமல்லவா? தெருச் சுவர்களில் விளம்பரத் தாள்கள் ஒட்டப்பட்டன. புத்தக எழுத்தைப் பெரிதாக்கி அச்சிட்டால், நடந்து செல்பவன் கண்ணில் அது படவில்லை. அந்தச் சமயத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராபர்ட் தோர்ன் என்ற எழுத்து வார்ப்பவர் பருத்த எழுத்துக்களைச் செய்து புகழ் பெற்றார்.

அவர் செய்த தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். எழுத்தின் எல்லாக் கோடுகளையும் தடிக்கச் செய்தால், உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டு, எழுத்து வெறும் மைக்கறையாகிவிடும். ஆகையால், தடித்த கோட்டை மட்டும் மேலும் மேலும் பருக்க வைத்து, மெல்லிய கோட்டை மெல்லியதாகவே விட்டுவிட்டார்கள். இத்தாலியில் போடோனியும் பிரான்ஸில் டீடோ குடும்பத்தாரும் முன்பே தடிப்புக்கும் மெலிவுக்கும் வித்தியாசத்தை வளர்த்திருந்தார்கள். லண்டன்காரர்கள் அதை வேடிக்கையின் எல்லைக்கே கொண்டு போய்விட்டார்கள். இத்துடன் சாய்வும் சேர்ந்தபோது, பருத்த சரீரிகள் வரிசையாக ஓடுவது போன்ற ஒரு வேகம் உண்டாயிற்று. நின்று கத்துபவனைவிட ஓடிக்கொண்டே கத்துபவனைத்தானே நாம் திரும்பிப் பார்க்கிறோம்!

இந்த எழுத்துக்கு நல்ல தீனி போட்டது லாட்டரி. அந்நாளில் பிரிட்டிஷ் சர்க்காரே கஜானாவுக்குப் பணம் சேர்க்க லாட்டரி நடத்தியது. சீட்டு விற்பவர்கள் ஊரெங்கும் துண்டுப் பிரசுரங்களை இறைத்தார்கள். அவற்றில் பரிசுத் தொகை கொழுத்த எழுத்தில் மின்னியது. 1820-ஆம் ஆண்டில் தோர்ன் காலமானார். அவருடைய எழுத்து வார்க்கும் தொழிற்சாலையை வாங்கியவர் அத்தொழிலையே அறியாத வில்லியம் தாரோகுட். லாட்டரியில் விழுந்த பணத்தைக் கொண்டுதான் அவர் அதை வாங்கினார் என்று அச்சுக்கலைச் சரித்திரம் எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். லாட்டரி விளம்பரத்தில் கொழுத்த எழுத்தை லாட்டரிப் பணமே வாங்கியது! சர்க்கார் லாட்டரி 1826-இல் நின்றுபோயிற்று. தாரோகுட் பெயரைத் தாங்கிய தடித்த சாய்வெழுத்தோ இன்னும் இருக்கிறது. பரிசு விழாத குடும்பங்களின் பெயரைத் தாங்கிய எழுத்து எதுவும் இல்லை.

ஈயத்தில் இந்த எழுத்தை வார்ப்பது எளிதன்று. சாய்ந்த எழுத்தின் தலை, தன் சதுரக் கட்டையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கோப்பவர் கை சற்றுத் தவறினால் முறிந்துவிடும். பெரிய அளவில் ஈயத்தின் கனமும் தாங்க முடியாது. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தில் எழுத்துக் குடையும் யந்திர முறையைக் கொண்டுவந்த பிறகே சுவரொட்டிக்காரர்களுக்குக் கனத்தின் தொல்லை தீர்ந்தது. நூறாண்டு கழித்து, 1928-இல், அமெரிக்காவில் மாரிஸ் பென்டன் 'அல்ட்ரா போடோனி' என்ற பெயரில் இதே குடும்பத்துக்குப் புத்துயிர் அளித்தார்.

ஒரு சொல்லுக்கு, மிஞ்சினால் இரண்டு மூன்று சொற்களுக்கு, இந்த எழுத்து அழகு. சுற்றிலும் தாராளமாக வெள்ளை இடம் விட வேண்டும். பத்தி முழுவதற்கும் பயன்படுத்தினால் கண் வழுக்கிவிடும். சிறிய அளவில் அச்சிட்டால் மயிரிழைகள் மறைந்து கரும்புள்ளிகளே எஞ்சும். இதெல்லாம் தெரியாமல், கம்ப்யூட்டரில் இரண்டு பொத்தான்களை அழுத்தி எதையும் தடிக்கவும் சாய்க்கவும் செய்கிறோம். அதற்கென வரைந்த எழுத்து இல்லாவிட்டால், யந்திரம் நேரெழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. தமிழெழுத்துக்குச் சாய்வு மரபே கிடையாது. கதைத் தலைப்பில் வேகம் வேண்டுமென்றால் நம் பத்திரிகைச் சித்திரக்காரர்கள் தூரிகையால் எழுதினார்கள். இப்போது சில அறிக்கைகளில் 'ழ'கரமும் 'ஞ'கரமும் காற்றில் சாய்ந்த வேலி போல் நிற்பதைப் பார்த்தால் பரிதாபமாயிருக்கிறது.

என் வகுப்பில் வருஷத்துக்கு ஒரு முறை, நகைக்கடன் விளம்பரமோ தவணை விளம்பரமோ ஒன்றைக் கொடுத்து, பெரிய எழுத்துக்களைக் கையால் மூடிக்கொண்டு மற்றதைப் படிக்கச் சொல்லுவேன். இந்த வருஷம் வட்டி எவ்வளவு என்ற வரியைக் கண்டுபிடிக்கப் பையன்களுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஒரு பெண் மட்டும், "ஸார், வீட்டில் இதே கம்பெனியின் தாள் இருக்கிறது, நாளைக்குக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.