உப்பளத்துக்குப் போன பேனா

குடுமியான்மலைப் பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு உண்டு. ருத்ராச்சாரியாரின் மாணவனான அரசன், மாணாக்கர் நன்மைக்காகச் செய்தது என்று அதிலேயே பொறித்திருக்கிறது. மலையடியில் நாற்று நட்டவன் அந்த மாணாக்கர் கணக்கில் இல்லை. வடமொழி எழுத்து அவனுக்கு வெறும் கீறல்!

முசிறியில் 1925-ல் பிறந்த நாவலாசிரியை ராஜம் கிருஷ்ணன் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். பதினைந்து வயதிலேயே மணம் முடித்துவிட்டார்கள். வீட்டு வேலைக்கு நடுவே படித்தார், எழுதினார். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ, அவர்களிடம் நேரில் போய்ப் பேசிப் பழகிய பிறகே எழுதுவது அவர் முறை. தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனார். உப்புநீர் அரித்த பாதங்கள், வெள்ளை வெயிலில் கெடும் கண்கள், அதற்குக் கிடைக்கும் அற்பக் கூலி: 1979-ல் 'கரிப்பு மணிகள்' பிறந்தது. வயல் தொழிலாளருக்காக 'சேற்றில் மனிதர்கள்' எழுதினார். சாய்வு நாற்காலியிலிருந்தே ஏழையின் கண்ணீரை அளக்கும் எழுத்தாளர்கள் கவனிக்கட்டும்.

2014-ல் மறைந்த அவருடைய நூல்கள், அவர் உயிரோடிருக்கும்போதே நாட்டுடைமையாயின. எவரும் அச்சிடலாம். ஆனால் உப்பளத் தொழிலாளி கைக்கு வந்தனவா? புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் உழைக்கும் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அந்த எழுத்து பஸ் பலகையோடு தீர்ந்துவிட வேண்டுமா?

களையெடுத்தும் ஷிப்டு முடித்தும் திரும்புவோருக்கு இரவு எட்டு மணிக்குத் திறந்திருக்கும் நூலகம் வேண்டும். குடுமியான்மலையிலும் வேண்டும், ஆலை வாசலிலும் வேண்டும். அடுத்த கிராமசபையில் கூலிக் கோரிக்கையோடு இதையும் சேர்த்து எழுதிக் கொடுக்குமாறு சங்கத் தோழர்களை வேண்டுகிறோம்.