ஐந்நூறு ரூபாய்ச் சட்டம்

ஹைதராபாத் நாச்சாரத்தில் குழம்புக்கு வாங்குகிறவருக்கு உருளைக்கிழங்கு என்றால் கிழங்குதான். ஜஹீராபாத் பக்கம் அதை நடுகிறவருக்கு அப்படியல்ல. ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டன் விதைக்கிழங்கு வேண்டும். சாகுபடிச் செலவில் பாதிக்கு அருகில் அதற்கே போய்விடும். வைரஸ் ஏறிய கிழங்கைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாலும் தெரியாது. மூட்டையில் தைத்த அட்டையை நம்பித்தான் அவர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.

அந்த அட்டையை அரசு எவ்வளவு மதிக்கிறது? 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டப்படி சான்று பெறுவது விற்பவரின் விருப்பம். அட்டை மட்டும் கட்டாயம். சான்று பெறாத விதைக்கு அதை எழுதுபவரும் அவரே. விதி மீறியது நிரூபணமானால், முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். ஒரு மூட்டை விதைக்கிழங்கு அந்த விலைக்குக் கிடைக்காது! 2004-இல் மசோதா, 2019-இல் வரைவு, 2025 நவம்பரில் மறுபடியும் வரைவு. வரைவு எழுதி எழுதியே இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

விளையாமல் போனால் இழப்பீடு? அந்தச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. ஆந்திர உழவர்கள் நுகர்வோர் மன்றத்துக்குப் போனபோது, அந்த வழக்கு அங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம்வரை வாதாடியது அரசின் தேசிய விதைக் கழகம்! 2012 சனவரியில் தோற்றது. வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

விதைக்கிழங்கோடு வருவது வைரஸ் மட்டுமல்ல, புழுவும்தான். நீலகிரியில் முட்டைக்கூட்டு நூற்புழு தென்பட்டது 1961-இல். ஒருமுறை மண்ணில் இறங்கினால் இருபது ஆண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும் புழு அது. ஊட்டி விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாதென்று தடை போட்டு, அந்த மலை விவசாயியின் கையைக் கட்டினார்கள். சரி, நோய் பரவக் கூடாது. ஆனால் 2018-இல் இமாசலம், உத்தராகண்ட், ஜம்மு-காஷ்மீர் விதைக்கிழங்குக்கும் தடை விழுந்தது. புழு இருந்த இடங்களில் ஒன்று, நாட்டுக்கே மூலவிதை தரும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் குஃப்ரி பண்ணை. வேலிக்குள்ளேயே புழு.

வணிகத்துக்கு விற்கும் விதைக்கிழங்குக்குச் சான்றைக் கட்டாயமாக்குங்கள். உழவர் தமக்குள் கொடுத்து வாங்குவதில் கைவைக்காதீர்கள். நூற்புழு, வைரஸ் சோதனை முடிவு அட்டையில் இருக்கட்டும், அரசுப் பண்ணை மூட்டையிலும். அபராதத்தை மூட்டைக் கணக்கில் அல்ல, அழிந்த ஏக்கர் கணக்கில் போடுங்கள். இழப்பீட்டை அடுத்த பருவத்துக்கு முன் கொடுங்கள். ஐப்பசி நடவுக்கு ஆக்ராவிலிருந்து விதைக்கிழங்கு லாரிகள் கிளம்புமுன் இது நடந்தாக வேண்டும்.