இரவில் அணைத்துவிடும் கருவி



இம்மாதம் நமது இல்லப் பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று மேல்கோட்டையிலிருந்து வந்தது. எழுதிய சகோதரி நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். கணவரின் வேலையினிமித்தம் முதலில் மைசூருக்கு வந்து, பின்பு அவர் பாண்டவபுரத்துக்கு மாற்றலானபோது, மாமியாரின் சுவாசத்துக்கு மலைக்காற்று நல்லது என்று எண்ணி மேல்கோட்டையில் வாடகைக்குக் குடியேறியவர். அவர் எழுதியதில் சில வரிகளை அவருடைய அனுமதியோடு இங்கே தருகிறேன்.

"அத்தைக்கு ஆஸ்துமா. பல இரவுகள் இருமி இருமி உட்கார்ந்தே விடிய வைக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன் என் கணவர் பணம் புரட்டி, காற்றைச் சுத்திகரிக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். அது போடும் இரைச்சலில் குடும்ப ஜெபத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்பதில்லை. நாங்கள் தூங்கியபின் அத்தை எழுந்து அதை அணைத்துவிடுகிறார்கள். காலையில் இவருக்குக் கோபம், அவர்களுக்குக் கண்ணீர். ஓசையே இல்லாத கருவி எது என்று எழுதுங்கள். இன்னொரு முறை ஏமாற எங்களுக்குச் சக்தியில்லை."

கடிதத்தை வாசித்தவுடன் எனக்கு ஒரு வியப்பு உண்டாயிற்று. தில்லியில் வாழும் நம்மவர்கள் இப்படி எழுதினால் அதில் வியப்பில்லை. 2019 நவம்பர் 1-ஆம் தேதி தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டு, பள்ளிகள் சில நாட்கள் மூடப்பட்டதை நாம் அறிவோம். மேல்கோட்டையோ கடல் மட்டத்துக்கு மேல் 3,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த சிற்றூர். ஒருபுறம் பாறைக் குன்றுகள், மறுபுறம் ஓநாய்களைக் காக்க 1974-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயக் காடு. அங்கே தொழிற்சாலைப் புகை ஏது? அப்படியிருக்க, அந்த வீட்டுக்குள் ஒரு தாயார் மூச்சுத் திணறுவது எதனால்?

ஆகவே கருவியைப் பற்றிப் பேசுமுன் அந்தச் சகோதரியிடம் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டேன்: "இருமல் எந்த நேரத்தில் அதிகமாக வருகிறது?" சற்றே யோசித்து, "விடியற்காலை ஐந்து மணிக்கும், இரவு படுக்கப்போகும் நேரத்திலும்" என்றார். ஐந்து மணிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கிறது? பழைய மைசூர்ச் சீமை வீடுகளின் வழக்கப்படி, குளியலறையில் பதித்த அண்டாவின் கீழே விறகும் தென்னமட்டையும் வைத்து வெந்நீர் அடுப்பை மூட்டுகிறார்கள். இரவில் என்ன நடக்கிறது? மாமியாரின் கட்டிலருகே கொசுவர்த்திச் சுருளை ஏற்றிவைத்து, கதவையும் சன்னலையும் அடைக்கிறார்கள்.

பிரியமானவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று நம்முடைய வீடுகளையும் எண்ணிப் பார்ப்போம். நாம் ஊதுபத்தி ஏற்றுவதில்லை, சாம்பிராணி போடுவதில்லை. ஆகையால் நம் வீட்டில் புகையே இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் சுருளை மறந்துவிடுகிறோம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமமாக இருக்கக்கூடும் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வு அது. சிகரெட்டைத் தொடாத வீட்டில், ஆஸ்துமா உள்ள ஒருவரின் தலைமாட்டில் இரவெல்லாம் அந்தப் புகை சூழ்ந்திருக்கிறது. புகையை உண்டாக்குவதும் நாமே, அதைப் பிடிக்கக் கருவி வாங்குவதும் நாமே என்றால், அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது போலாகும்.

எனவே முதலாவது செய்ய வேண்டியது செலவில்லாதது. கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள். சுருளை நிறுத்துங்கள். வெந்நீர் அடுப்பை முற்றத்துக்கு மாற்றுங்கள், அல்லது கூரைக்கு மேல் செல்லும் புகைப்போக்கி வையுங்கள். வசதியுள்ளவர்கள் சூரிய வெந்நீர்க் கலத்துக்கு மாறலாம். எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவியைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் பொருத்தவே கூடாது. அதிலும், மூடிய அறையில் வைக்கும் கரியடுப்பிலும், உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குகிறவர்கள் உறக்கத்திலேயே மரித்துப்போகக் கூடும். வீட்டில் வைக்கும் எந்தச் சுத்திகரிப்புக் கருவியும் அந்த வாயுவைப் பிடிக்காது.

இப்படிச் செய்தபின்னும் கருவி தேவையா? சில வேளைகளில் தேவைதான். மேல்கோட்டையைச் சுற்றிலும் கீழே பரந்திருப்பது மண்டியா மாவட்டத்தின் கரும்பு நிலம். அறுவடைக்குப்பின் கரும்புச் சோகையைக் கொளுத்துவதும், வெல்லம் காய்ச்சும் ஆலைகளின் புகையும் அங்கே உண்டு. குளிர்கால விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துகிடக்க, புகை மேலே எழும்பாமல் தங்கிவிடும். மைசூரிலும் பெங்களூரிலும் பெருஞ்சாலையோரம் குடியிருப்பவர்களுக்கோ ஆண்டு முழுவதும் வாகனப் புகை. சென்னையில் போகியன்று பழைய பொருள்களைக் கொளுத்துவதால் எழும் புகைமூட்டம் நாமறிந்தது. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று அதனால் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. இத்தகைய நாட்களில், முதியோரும் குழந்தைகளும் உறங்கும் ஓர் அறையையாவது சுத்தமாக வைத்துக்கொள்வது ஞானமான காரியமே.

இனிக் கருவியின் உள்ளே இருப்பதைப் பார்ப்போம். அது ஒரு மின்விசிறியும் ஒரு வடிகட்டியும் சேர்ந்தது, அவ்வளவே. 'ஹெப்பா' என்று அழைக்கப்படும் அந்த வடிகட்டி, 1940-களில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசியைப் பிடிப்பதற்காக உருவாக்கப்பட்ட வகையின் வழிவந்தது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டை அது தடுத்துவிடும். தலைமுடி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், இந்தத் துகள் எவ்வளவு நுண்ணியது என்று எண்ணிக்கொள்ளுங்கள். 'ஹெப்பா போன்றது', 'ஹெப்பா வகை' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் அது இந்த அளவுக்குக் கட்டுப்பட்டதல்ல. மணத்தையும் சில வாயுக்களையும் ஓரளவு குறைக்கத் தூண்டப்பட்ட கரி அடுக்கு உதவும். ஆனால் 'அயனி' வெளியிடும் கருவிகள் சிலவும், 'ஓசோன்' உண்டாக்கிக் காற்றைப் புதிதாக்குவதாகச் சொல்லும் கருவிகளும் ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். ஓசோன் மூச்சுக்குழலை எரிச்சலூட்டும் வாயு.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். ஓசையே இல்லாத கருவி எது? அப்படி ஒன்று இல்லை. விசிறி சுழன்றால் ஓசை உண்டு. ஆனால் ஓசை குறைந்த கருவியைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. அது பலருடைய எண்ணத்துக்கு நேர்மாறானது: சிறிய அறைக்குப் பெரிய கருவியை வாங்கி, அதை மெதுவாக ஓடவிட வேண்டும்.

இதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். மாமியாரின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 1,200 கன அடி, அதாவது ஏறத்தாழ 34 கன மீட்டர். அறையின் காற்று மணிக்கு ஐந்து முறையாவது வடிகட்டி வழியே சென்றுவர வேண்டுமென்றால், மணிக்கு 170 கன மீட்டர் சுத்தக் காற்று தேவை. கருவியின் பெட்டியில் 'சி.ஏ.டி.ஆர்.' என்று அச்சிட்டிருக்கும் எண் இதைத்தான் சொல்கிறது. சில பெட்டிகளில் அது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று இருக்கும். அந்த எண்ணை 1.7-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும்.

வாங்குகிறவர் 180 என்ற எண்ணைக் கண்டு, போதுமென்று வாங்கிவிடுகிறார். ஆனால் அந்த எண் உச்ச வேகத்துக்கு உரியது. அந்த வேகத்தில் கருவி இரைகிறது, தூங்க முடியவில்லை. உடனே 'தூக்க வேகம்' என்னும் பொத்தானை அமுக்குகிறோம். ஓசை அடங்குகிறது, காற்றும் அடங்கிவிடுகிறது. உச்ச வேகத்தில் வருவதில் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது என்றால், மணிக்கு 60 கன மீட்டரே மிஞ்சும். அறையின் காற்று மணிக்கு இரண்டு முறைகூடச் சுத்தமாவதில்லை. இதைத்தான் நாம் 'அமைதியான கருவி' என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

மாறாக, 350 என்ற எண்ணுள்ள கருவியை வாங்கிப் பாதி வேகத்தில் ஓடவிட்டால், நமக்கு வேண்டிய 170-க்குக் குறையாமல் கிடைக்கும். விசிறியின் வேகம் பாதியானால் அதன் ஓசை சுமார் 15 டெசிபல் குறையும் என்பது பொறியாளர் அறிந்த விதி. 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்கு ஓசை பாதியானதுபோல் தோன்றும். உறங்கும் அறையில் இடைவிடாத ஓசை 30 டெசிபலுக்கு மேற்படாதிருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. அது கிட்டத்தட்ட காதோடு பேசும் குரலின் அளவு. அந்த அளவை எட்டாவிட்டாலும், தலைக்குமேல் சுழலும் மின்விசிறியின் ஓசையில் கரைந்துபோகும் அளவுக்காவது கருவி இருக்க வேண்டும்.

ஆகவே கடைக்குச் செல்லும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். "நடுத்தர வேகத்தில் இதன் சி.ஏ.டி.ஆர். எவ்வளவு? அதே வேகத்தில் எத்தனை டெசிபல்?" உச்ச வேகத்தின் காற்றையும் தாழ்ந்த வேகத்தின் ஓசையையும் அருகருகே அச்சிட்டு விற்பது வழக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. விடை கிடைக்காவிட்டால், கடையிலேயே நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, அதன் அருகே நின்று சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அது படுக்கையறைக்கு உகந்ததல்ல. மாற்று வடிகட்டியின் விலையையும் அப்போதே கேளுங்கள். ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை அதை வாங்க வேண்டியிருக்கும். கருவியை மலிவாக வாங்கி, வடிகட்டி வாங்க மனமின்றி அழுக்கோடு ஓட்டுகிறவர்கள் அநேகர்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் கவனிக்க வேண்டியவையும் உண்டு. வடிகட்டியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே மாதக்கணக்கில் ஓட்டியவர்கள் பலருண்டு. முதல் வேலையாகப் பின்மூடியைத் திறந்து பாருங்கள். சுவரோடும் திரைச்சீலையோடும் ஒட்டி வைக்காமல் ஓரடியாவது இடம் விடுங்கள். வழி அடைபட்டால் காற்று குறையும், ஓசை கூடும். வெறும் தரையில் வைத்து அதிர்ந்தால் கீழே ஒரு ரப்பர் விரிப்பை இடுங்கள். வெளிப்புறத்து முன்வடிகட்டியின் தூசியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டியெடுங்கள். ஹெப்பாவைத் தண்ணீரில் கழுவாதீர்கள். படுக்கைக்குச் செல்வதற்கு அரைமணி நேரத்துக்கு முன்பே உச்ச வேகத்தில் ஓடவிட்டு, படுக்கும்போது நடுத்தர வேகத்துக்கு மாற்றுங்கள். 40 வாட் எடுக்கும் கருவி பத்து மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட். மாதம் முழுவதும் ஓடினாலும் சுமார் 12 யூனிட்டுதான். மின்கட்டணத்துக்குப் பயந்து அணைக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறவாதீர்கள். தில்லியின் நவம்பரில் சன்னலை மூடுவது சரி. மேல்கோட்டையில், வெளியே புகையில்லாத பகற்பொழுதில் சன்னலைத் திறந்துவைப்பதே சிறந்த சுத்திகரிப்பு. எங்கும் மூடிய அறைக்குள் நம் சுவாசத்தால் கரியமில வாயு சேர்ந்துகொண்டேயிருக்கும். கருவி அதை நீக்காது. மருத்துவர் கொடுத்த உறிஞ்சு மருந்தையும் கருவியை நம்பி நிறுத்திவிடலாகாது.

சென்ற வாரம் அந்தச் சகோதரி மீண்டும் தொலைபேசியில் பேசினார். புதிய கருவி வாங்கவில்லை. வெந்நீர் அடுப்பு முற்றத்துக்குப் போயிற்று. கொசுவலை வந்துவிட்டது. கூடத்தில் நின்ற பழைய கருவியை மாமியாரின் அறைக்கு மாற்றி, கட்டிலிலிருந்து விலக்கி வைத்து, முன்னிரவில் உச்ச வேகத்தில் ஓட்டி, படுக்கும்போது குறைத்துவிடுகிறார்கள். அந்தச் சிறிய கருவிக்கு இது போதாது என்பதை அறிந்தே, அடுத்ததைப் பெரியதாக வாங்கச் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கிறார்கள். இருமல் முற்றிலும் நிற்கவில்லை, மருந்தும் தொடர்கிறது. ஆனால் உட்கார்ந்து விடிய வைக்கும் இரவுகள் குறைந்திருக்கின்றன.

"என் கணவர் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டார்" என்றும் சொன்னார். "ஏனம்மா அணைத்தாய் என்று இத்தனை நாளும் கோபித்தாரேயொழிய, ஏன் என்று உட்கார்ந்து கேட்கவில்லை. அத்தை சொன்னார்கள்: அந்த இரைச்சலில் பிள்ளை எழுந்து அழுதாலும் எனக்குக் கேட்காதே, அதனால்தான் அணைத்தேன்."

உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவர் இரவில் எழுந்து ஏதேனும் ஒரு பொத்தானை அணைக்கிறாரா? கடைக்குப் போகுமுன் அவரிடம் காரணத்தைக் கேளுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.