எந்த மட்டைக்கு எத்தனை நாணயம்?

இன்றைய இல்லங்களில் பிள்ளைகள் மட்டுமன்றி, அலுவலகம் முடிந்து களைத்து வரும் பெரியவர்களும் சற்று நேரம் கைப்பேசியில் விளையாடி இளைப்பாறுவதைக் காண்கிறோம். அதைக் குறைகூற நாம் இங்கே முற்படவில்லை. விளையாட்டு மனிதனுக்கு வேண்டிய ஒன்று. ஆயினும் விளையாட்டினுள்ளே ஒரு கடை திறந்திருக்கும்போது, விளையாடுகிறவர் வாடிக்கையாளராகவும் ஆகிவிடுகிறார். அந்தக் கடையில் சிக்கனமாக நடந்துகொள்வது எவ்வாறு என்பதை, பலரும் விரும்பி ஆடும் ஒரு கோல்ஃப் விளையாட்டைக் கொண்டு இம்மாதம் ஆராய்வோம்.

'கோல்ஃப் கிளாஷ்' என்னும் அவ்விளையாட்டை இங்கிலாந்தைச் சேர்ந்த பிளேடெமிக் நிறுவனம் 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்டது. 2018-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, சிறந்த கைப்பேசி விளையாட்டிற்கான விருதை இதற்கு வழங்கிற்று. 2021-இல் அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் பிளேடெமிக்கை 140 கோடி டாலருக்கு வாங்கியது. கைப்பேசியில் இறக்கிக்கொள்ள ஒரு காசும் கேட்காத விளையாட்டைப் பெயர்பெறச் செய்த ஒரு நிறுவனத்திற்கு இவ்வளவு விலையா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். வாசலில் கட்டணம் இல்லை என்பது மெய்யே. உள்ளே விற்கப்படும் பொருள்களே அந்த மதிப்பின் ஊற்று.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. முன்பின் அறியாத இருவர் இணையத்தின் வழியே சந்தித்து, ஒரே ஒரு குழிக்குப் பந்தை அடிக்கிறார்கள். ஆடுமுன் இருவரும் சமமாக நாணயங்களைக் கட்டவேண்டும். குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் சேர்த்தவரை அந்த நாணயங்கள் அடைகின்றன. வென்றவருக்கு ஒரு பெட்டியும் கிடைக்கிறது. பெட்டி உடனே திறக்காது, சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். திறந்தால், அதனுள் சில நாணயங்களும், 'கிளப்' எனப்படும் கோல்ஃப் மட்டைகளுக்குரிய சீட்டுகளும் இருக்கும். ஒரே மட்டையின் சீட்டுகள் வேண்டிய எண்ணிக்கையில் சேர்ந்தபின், நாணயம் செலுத்தி அந்த மட்டையை ஒரு படி உயர்த்தலாம். படி ஏற ஏற, கேட்கப்படும் சீட்டும் நாணயமும் பெருகும்.

இவை தவிர, ரத்தினக் கற்கள் என்றொரு செலாவணியும் உண்டு. இவை ஆட்டத்தில் சிறிதளவே கிடைக்கும். மிகுதியாக வேண்டுவோர் மெய்யான பணம் கொடுத்து வாங்கவேண்டும். பெட்டியைக் காத்திராமல் திறக்கவும், கடையில் வேறு பெட்டிகளை வாங்கவும் இக்கற்கள் பயன்படுகின்றன.

இனி, கையிருப்பு குறைவாக உள்ளவர் எந்தக் கருவியை முதலில் உயர்த்த வேண்டும் என்பதற்கு வருவோம்.

புதியவர்களைப் பெரும்பாலும் ஈர்ப்பது வலிமை. பந்து மற்றவருடையதைக் காட்டிலும் தொலைவில் விழுவதைப் பார்ப்பதில் ஒரு பெருமிதம் உண்டு. ஆதலால் முதலடிக்குரிய 'டிரைவர்' மட்டைக்கே நாணயத்தையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரு குழியில் டிரைவரைப் பயன்படுத்துவது பெரும்பாலும் ஒரே ஒரு முறை. நீளம் குறைந்த குழிகளில் அதுவும் தேவைப்படாது. பச்சைத் திடலை நோக்கி அடிக்கும் இரண்டாவது அல்லது மூன்றாவது அடியில்தான் வெற்றி தோல்வி பெரும்பாலும் முடிவாகிறது. அவ்வடிக்கு உதவுபவை மர மட்டைகள், நீண்ட இரும்பு, குறு இரும்பு, வெட்ஜ் ஆகியவை.

ஒவ்வொரு மட்டைக்கும் வலிமை, துல்லியம், முன்சுழற்சி, பின்சுழற்சி, வளைவு, பந்தின் வழிகாட்டும் கோடு எனப் பல பண்புகள் எண்களாகத் தரப்பட்டுள்ளன. இவற்றுள் துல்லியத்தின் பயன் முதற்பார்வையில் தெரிவதில்லை. துல்லியம் கூடக் கூட, பந்து விழவேண்டிய இடத்தைக் காட்டும் வளையங்கள் சிறுத்துவிடும். கை சற்றே பிசகினாலும் பந்து குறியைவிட்டு வெகுதூரம் போகாது. பின்சுழற்சி மிகுந்த மட்டையானால், பந்து திடலில் விழுந்தபின் உருண்டோடாமல் நின்றுவிடும். ஆகவே இரண்டு மட்டைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அடிக்க வேண்டிய தொலைவுக்கு இரண்டுமே போதுமானால், வலிமை குறைந்து துல்லியம் மிகுந்ததையே கொள்ளுங்கள் என்போம். தேவைக்கு மேற்பட்ட தொலைவினால் ஆட்டத்தில் எப்பயனும் இல்லை.

மட்டைகள் ஏழு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மேற்சொன்ன ஐந்தோடு, புதர்ப்புல்லுக்கு ஒன்றும் மணற்குழிக்கு ஒன்றும் தனியே உண்டு. ஒவ்வொரு வகையிலும் பல மட்டைகளின் சீட்டுகள் வந்து சேரும். சீட்டு நிறைந்தவுடன் 'உயர்த்துக' என்று திரை அழைக்கும். அந்த அழைப்புக்கெல்லாம் இணங்குகிறவர், தாம் ஒருபோதும் எடுக்காத மட்டைகளுக்கும் நாணயம் செலவிட்டுவிடுகிறார். வகைக்கு ஒன்று எனத் தெரிந்தெடுத்து, அவற்றை மட்டும் உயர்த்துவது போதும். மற்றவற்றின் சீட்டுகள் சேர்ந்திருக்கட்டும். அவை கெட்டுப்போகும் பண்டமல்ல. அரிய மட்டைகளின் சீட்டுகள் எப்போதோ ஒன்றிரண்டுதான் வரும். அவற்றை நம்பித் திட்டமிடுவதைவிட, அடிக்கடி வரும் சாதாரண மட்டைகளுள் நல்லதொன்றைப் பிடித்துக்கொள்வதே எளியவர்க்கு ஏற்றது.

பந்துகளின் நிலையும் இதுவே. அடிப்படைப் பந்து எத்தனை ஆட்டம் ஆடினாலும் தீர்வதில்லை. காற்றைத் தாங்கும் ஆற்றலும் கூடுதல் வலிமையும் கொண்ட சிறப்புப் பந்துகளோ பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும். அன்றாட ஆட்டத்தில் அவற்றைச் செலவழித்துவிட்டு, பெரும் போட்டி வரும்போது கைவெறுமையாய் நிற்பதும், பின்னர் கற்களை விலைக்கு வாங்குவதும் பலருடைய வழக்கமாயிருக்கிறது. காற்று பலமாக வீசும் நாளுக்கும் போட்டிக்கும் என அவற்றை ஒதுக்கி வைத்துக்கொள்வதே முறை.

அடுத்து, கையிருப்பைப் பற்றிய கணக்கு. இருவர் கட்டும் நாணயம் வென்றவருக்குப் போகிறது என்று கண்டோம். அங்ஙனமாயின், ஒரே களத்தில் பாதி ஆட்டங்களை வென்று பாதியைத் தோற்பவருடைய பை ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. மட்டையை உயர்த்துவதற்கான நாணயம், பாதிக்கு மேல் வெல்லும் வெற்றிகளிலிருந்தும் பெட்டிகளில் வரும் சில்லறையிலிருந்தும்தான் வந்தாக வேண்டும். உயர்ந்த களங்களில் நுழைவுத் தொகை பெரிதாக இருக்கும். எதிரியும் தேர்ந்தவராக இருப்பார். மட்டையை உயர்த்திய மகிழ்ச்சியில் கையிலிருப்பதைத் துடைத்தெடுத்துக்கொண்டு மேற்களத்திற்குப் போகிறவர், நான்கைந்து தோல்விகளிலேயே பை வற்றிப்போகக் காண்பார். வற்றிய பையின் முன்னேதான் கடையின் விளம்பரம் மிகவும் கவர்ச்சியாகத் தோன்றும். ஆகையால், ஆடும் களத்தின் நுழைவுத் தொகையைப்போல் பத்து மடங்கேனும் கையில் நிறுத்திக்கொண்டு, அதற்கு மேற்பட்டதை மட்டுமே மட்டைக்குச் செலவிடுவது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நலம். தோல்வி தொடர்ந்தால் ஒரு களம் கீழே இறங்கி ஆடுவதில் இழிவொன்றும் இல்லை.

காசில்லாமல் வாங்கக்கூடிய உயர்வு ஒன்றும் உண்டு. ஒவ்வோர் அடியின்போதும் காற்றின் திசையும் வேகமும் திரையில் காட்டப்படுகின்றன. பழகிய ஆட்டக்காரர்கள் காற்றின் வேகத்தை, மட்டையின் துல்லியத்திற்கேற்ற ஓர் எண்ணால் வகுத்து, கிடைக்கும் ஈவின் அளவுக்கு வளையங்களை எண்ணி, குறியைக் காற்றுக்கு எதிர்ப்புறமாக நகர்த்துகிறார்கள். எடுத்துக்காட்டாக, வேகம் 6 ஆகவும் மட்டைக்குரிய எண் 2 ஆகவும் இருந்தால், மூன்று வளையங்கள் நகர்த்த வேண்டும். மட்டையின் முழுத் தொலைவுக்கு அடிக்கும்போது இக்கணக்கு முழுமையாகப் பொருந்தும். தொலைவு குறையக் குறைய, நகர்த்தும் அளவையும் குறைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்பில் கற்ற வகுத்தலே இதற்குப் போதும். ஒரு வாரம் பொறுமையாகப் பழகினால், இரண்டு படிகள் உயர்த்திய மட்டை தராத பயனை இது தரக்கூடும்.

மெய்யான கோல்ஃப் ஆட்டத்தின் வரலாறும் இதற்குச் சான்று கூறுகிறது. ஒரு காலத்தில் ஆட்டக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைப் பையில் சுமக்கச் செய்தார்கள். இதை அளவுபடுத்த 1938-இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும், அடுத்த ஆண்டில் பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அமைப்பும், பதினான்கு மட்டைகளுக்கு மேல் கூடாது என விதித்தன. 72 அடிகள் அளவாகக் கொண்ட ஒரு மைதானத்தில், பதினெட்டுக் குழிகளுக்கும் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பச்சைத் திடலின்மீது பந்தை மெல்ல உருட்டுவதற்கென்றே கணக்கிடப்பட்டுள்ளன. ஆக, தேர்ந்த ஆட்டக்காரருக்கு வைத்த அளவிலேயே சரிபாதி, வலிமை சிறிதும் வேண்டாத அடிகளாம்!

ஸ்பெயின் நாட்டின் வடகரையிலுள்ள பெட்ரேனியா என்னும் சிற்றூரில் 1957-இல் பிறந்த செவெரியானோ பாயஸ்தெரோஸ், சிறுவனாயிருந்தபோது அவரிடம் இருந்தது ஒரே ஒரு மூன்றாம் எண் இரும்பு மட்டை. அதைக்கொண்டே கடற்கரை மணலில் நெடிய அடியையும் குறுகிய அடியையும், உயர எழும்பும் அடியையும் தரையொட்டிப் போகும் அடியையும் பழகினார். 1979-இல் பிரிட்டனின் ஓபன் போட்டியை வென்றபோது அவருக்கு வயது 22. பின்னர் மேலும் நான்கு பெரும்பட்டங்களை அவர் வென்றார். நிறைந்த பை கிடைக்கும்வரை காத்திருந்திருந்தால் அந்தச் சிறுவனின் கை பழகியிருக்காது.

இனி, பெற்றோருக்குச் சில சொற்கள். பெட்டியைத் திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பணம் கொடுத்து வாங்கும் பெட்டியிலும் வேண்டிய சீட்டு வருமென்ற உறுதி இல்லை. இத்தகைய பெட்டிகள் சூதாட்டத்தை ஒத்தவை அல்லவா என்ற கேள்வியைப் பல நாடுகள் எழுப்பியுள்ளன. 2018-இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் சில விளையாட்டுகளை ஆய்ந்து, அவற்றில் பணத்திற்கு விற்கப்படும் பெட்டிகள் தன் நாட்டுச் சட்டத்திற்கு மாறானவை என்று அறிவித்தது. அதற்குச் சற்று முன்னர், 2017 டிசம்பரில், ஆப்பிள் நிறுவனமும் தன் கடையில் இடம்பெறும் விளையாட்டுகள் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு கிடைக்கக்கூடும் என்பதை வாங்குமுன்னரே தெரிவிக்க வேண்டுமென விதித்தது. அந்த விழுக்காட்டைப் பிள்ளையோடு சேர்ந்து அமர்ந்து படியுங்கள். நூற்றில் ஒன்று என்றால் என்ன என்பதை அப்போது விளக்குங்கள். கண்டிப்பைவிட அந்தக் கணக்கு மனத்தில் ஆழமாகப் பதியும்.

கைப்பேசியில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படியும், பிள்ளைகள் வாங்க முயன்றால் பெற்றோரின் ஒப்புதல் கேட்கும்படியும் அமைத்துக்கொள்ள வழியுண்டு. அதை இன்றே செய்துவிடுங்கள். கற்களின் விலையை ரூபாயாக மாற்றிச் சொல்லும் பழக்கமும் வேண்டும். 'ஐந்நூறு கல்' என்னும்போது உறைக்காத செலவு, இத்தனை லிட்டர் பாலின் விலை என்னும்போது உறைக்கும்.

பணம் செலவிடவே கூடாது என்று நாம் கூறவில்லை. திரைப்படத்திற்கும் பொருட்காட்சிக்கும் செலவிடுகிற குடும்பம், மாதத்திற்கு ஒரு சிறு தொகையை இதற்கும் ஒதுக்கலாம். அத்தொகை மாதத் தொடக்கத்திலேயே, தோல்வியின் சூடு இல்லாத வேளையில், வீட்டார் அறிய முடிவு செய்யப்படட்டும். செலவிடுமுன் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லைக் கொடுத்துப் பெட்டியைத் திறப்பவர் வாங்குவது மட்டையை அன்று, சில மணி நேரக் காத்திருப்பிலிருந்து விடுதலையை. இரவு உறங்கி எழுந்தால் அதே பெட்டி காசின்றித் திறக்கக் காத்திருக்கும்.